உயிர் கொடுத்த மாப்பிள்ளை

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டாக்டர் மாப்பிள்ளை. அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. அந்தப் பெயரை முதலில் சொன்னது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மாப்பிள்ளைக்குக் கேலி உறைக்காது, தோல் அப்படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு டை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மனைவி குஷன் பட்டறையில் வேலை செய்பவள். பழைய சோபாவைப் பிரிப்பாள், ஸ்பாஞ்சை வெட்டுவாள், ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பாள். மேலே பளபளவென்று இருக்கிற சோபாவைப் பிரித்தால் உள்ளே கிழிந்த சாக்கும் அழுக்குத் துணியும் இருக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். கல்யாணமான முதல் வருஷத்திலேயே வீட்டுக்காரரையும் அப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டாள். சோபா என்றால் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துவிடலாம். இவரை என்ன செய்வது? அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அவர் விற்றது நெற்றியில் ஒட்டுகிற ஒரு பட்டை. மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் எந்த அளவு போகிறது என்பதை வெளிச்சத்தை வைத்துக் கணித்து, பக்கத்தில் உள்ள சின்னத் திரையில் எண்ணாகக் காட்டும். ஆபரேஷன் செய்யும் இடத்திலும், நெஞ்சு நின்றுபோனவர்களைப் பிழைக்க வைக்கும் இடத்திலும் அது வேண்டும் என்பது கம்பெனியின் கட்சி. அந்தக் கட்சிக்கு மாப்பிள்ளையை விடப் பெரிய தொண்டர் கிடையாது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்த தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரரைக்கூட விடவில்லை. அந்த மனுஷர் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி மூளையின் ரத்த ஓட்டத்தைப் பற்றி முழுப் பிரசங்கமும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

"இதயம் திரும்பினா போதுமா? நீங்களே சொல்லுங்க," என்று ஆரம்பிப்பார். "நெஞ்சு நின்னவுடனே எல்லாரும் அட்ரினலின் ஊசியைத் தேடி ஓடுறாங்க. ஊசி என்ன பண்ணுது? உடம்புல இருக்குற ரத்தக் குழாயெல்லாம் சுருக்குது. அழுத்தம் ஏறுது. இதயத்துக்கு ரத்தம் கிடைக்குது, திரும்பத் துடிக்குது. எல்லாரும் கை தட்டுறாங்க. ஆனா மூளைக்குள்ள தலைமயிரை விட மெல்லிசா குழாய் இருக்கே, அதுவும் சேர்ந்து சுருங்கினா? ஆள் பிழைச்சான், மூளை போச்சு! எப்ப போடணும், எவ்வளவு சீக்கிரம் போடணும், அதுதான் சூட்சுமம். நாங்க பன்னியை வச்சுப் பார்த்திருக்கோம்."

இந்த 'நாங்க'தான் அவளுக்கு எரிச்சல். எங்கோ யாரோ ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து பார்த்ததைக் கம்பெனி ஒரு படமாகப் போட்டுக் காட்டியது. மாப்பிள்ளை ஆயுளில் பன்றிக்குப் பக்கத்தில் போனதில்லை. இன்னொரு எரிச்சல், அவர் சொன்னதில் பொய் அதிகம் இல்லை என்பது. பொய் என்றால் சண்டை போடலாம். உண்மையைத் தூக்கிக்கொண்டு திரியும் சவடால்காரரோடு எப்படிச் சண்டை போடுவது?

கம்பெனியில் ஒருமுறை ரப்பர் பொம்மையைத் தரையில் போட்டு, நெஞ்சை அழுத்துவது எப்படி என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். இவர் மண்டி போடவில்லை. பேன்ட் மடிப்புக் கலைந்துவிடுமாம். ஓரமாக நின்று தலையை ஆட்டிவிட்டு, முடிவில் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து ஹாலில் மாட்டினார்.

அவளுடைய அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மாணவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே வாழ்க்கையை ஓட்டியவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகாது. யாராவது அளவுக்கு மீறிப் பேசினால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவர் வலது கால் தரையை மெல்ல அழுத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் அவள் குனிந்து பார்ப்பாள். அண்ணன் கால் தரையோடு தரையாக இருக்கும். அண்ணி பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை புது மாடல் பட்டையைக் காட்டுவதற்காகப் பெட்டியோடு வந்திருந்தார். மச்சானை நாற்காலியில் உட்கார வைத்து நெற்றியில் ஒட்டினார். திரையில் எண் வந்தது.

"என்ன மாப்பிள்ளை, உள்ள மூளை இருக்குன்னு காட்டுதா?" என்றார் அண்ணன்.

"அறுபத்தெட்டு. பிரமாதம் மச்சான்."

"நூத்துக்கா? பரவாயில்லையே, பள்ளிக்கூடத்துல இவ்வளவு வாங்கினதில்ல."

அவள் சிரித்தாள். அண்ணனும் சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார்; நாற்காலியும் அவரும் சேர்ந்து சாய்ந்தார்கள்.

அவள் ஓடிப்போய்ப் புரட்டிப் போட்டாள். கண் பாதி திறந்திருந்தது, பார்வை எங்கும் இல்லை. தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மூச்சு இருக்கு, மயக்கம்தான்," என்றார் மாப்பிள்ளை.

அவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் தரையில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், பதற்றமே இல்லாமல் கேட்டது. "கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாரா? மூச்சு எப்படி இருக்கு?"

"குறட்டை மாதிரி வருது. விட்டு விட்டு."

"அது மூச்சு இல்லம்மா. மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பலமா அழுத்துங்க. வேகமா. நான் கூடவே எண்ணுறேன்."

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க கத்துக்கிட்டவர் ஆச்சே, வாங்க!"

மாப்பிள்ளை அசையவில்லை. அவர் கண் திரையில் இருந்தது. பட்டை இன்னும் அண்ணன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது, எண் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஆரம்பி," என்றார். "நான் நம்பரைப் பாக்குறேன். யாராவது ஒருத்தர் நம்பரைப் பாக்கணும் இல்ல?"

அவள் மண்டியிட்டாள். ஸ்பாஞ்சை அழுத்திப் பழகிய கை. ஆனால் ஸ்பாஞ்சு உள்ளே போனால் தானாகத் திரும்பி வரும். இங்கே எலும்பு இருந்தது. முதல் சில அழுத்தலிலேயே உள்ளே ஏதோ நொறுக்கென்றது. அவள் கையை எடுத்துவிட்டாள். "எலும்பு உடைஞ்சிருச்சு!" என்று கத்தினாள். "உடையட்டும்மா, நிறுத்தாதீங்க," என்றது போன் குரல், அதே நிதானத்தில். அவள் மறுபடி அழுத்திக்கொண்டே அண்ணியை வாசலுக்குப் போய் நிற்கச் சொன்னாள். அண்ணி செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

"ஏறுது! இருபத்தி ஏழுல இருந்து ஏறுது! விடாத, இன்னும் ஆழமா!" மாப்பிள்ளை திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் களைத்து வேகம் குறையும்போதெல்லாம், "இறங்குது, இறங்குது," என்றார். சொந்தக் கையை ஒருமுறைகூட நீட்டவில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொன்னால், அந்த எண் இறங்குகிறது என்ற சத்தம்தான் அவளை நிறுத்தாமல் வைத்தது. அன்று அவர் செய்த ஒரே உபகாரம் அது. அதையும் அவர் உபகாரமாகச் செய்யவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. பையோடு ஒரு பெண், கூடவே வாட்டசாட்டமான ஒரு ஆள். அந்த ஆள் அவளை விலக்கிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். பெண் அண்ணனின் சட்டையை வெட்டி, ஷாக் கொடுக்கும் பேடுகள் இரண்டை நெஞ்சில் ஒட்டினாள். மாப்பிள்ளை இப்போதுதான் எழுந்து வந்தார்.

"முதல்ல அட்ரினலின் குடுங்க! லேட்டானா பிரயோஜனம் இல்ல!"

"இந்த மாதிரித் துடிப்புக்கு முதல்ல ஷாக் சார். தள்ளி நில்லுங்க."

ஷாக் கொடுத்தார்கள். அண்ணனின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. மறுபடி அழுத்தினார்கள், மறுபடி ஷாக். பலனில்லை. அதற்குள் பெண் அண்ணனின் கையில் ஊசி ஏற்ற வழி செய்துவிட்டாள், சிரிஞ்சை எடுத்தாள். அப்போது மாப்பிள்ளை அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம்! இப்ப போடாதீங்க!"

"கையை விடுங்க சார்."

"ஊசிக்கு முன்னாடி ஒரு ரீடிங், பின்னாடி ஒரு ரீடிங் வேணும். திரை நின்னுபோச்சு, ரீஸ்டார்ட் பண்றேன். ஒரே நிமிஷம்! மூளைக்கு என்ன ஆகுதுன்னு பாக்க வேணாமா?"

"நீங்க டாக்டரா?"

"இதே ஃபீல்டுதான்," என்ற மாப்பிள்ளை, ஒரு கையால் அவள் முழங்கையை விடாமலே இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.

மச்சான் தரையில் செத்துக்கிடக்கிறார். மாப்பிள்ளை விசிட்டிங் கார்டு நீட்டுகிறார். அழுத்திக்கொண்டிருந்த ஆளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. விட்டுவிட்டு எழுந்து, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தார். டை ஒரு பக்கம் போயிற்று, கார்டு தரையில் விழுந்தது. அந்த இழுபறியில் அண்ணனின் நெஞ்சின் மேல் யார் கையும் இல்லை. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இருவருக்கும் நடுவில் புகுந்து, புருஷனை இடுப்பால் இடித்துக்கொண்டு மண்டியிட்டு மறுபடி அழுத்தத் தொடங்கினாள்.

"தள்ளு!" என்று கத்தினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் வாங்க போங்க என்பதைத் தவிர வேறு விதமாகப் பேசியதில்லை அவள். அந்த ஒரு சொல்லுக்கு மாப்பிள்ளை நகர்ந்தார். ஊசி ஏறியது. பிறகு இன்னொரு ஷாக். பெண் அண்ணனின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், பின்பு சொன்னாள்: "துடிப்பு வந்திருச்சு."

"பாத்தியா!" என்றார் மாப்பிள்ளை.

ஆம்புலன்ஸ் முன்னால் போக, இவர்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் பின்னால் போனார்கள். அவள்தான் ஓட்டினாள்; மணிக்கட்டு இரண்டும் வீங்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுள்ளென்றது. பின் சீட்டில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் வந்தார். மனுஷனுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சிக்னலில் நின்றபோது அவர் வாயைத் திறந்தார்.

"என்னை எல்லார் முன்னாடியும் 'தள்ளு'ன்னு சொன்னே."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தள்ளுங்கன்னு சொல்லியிருக்கலாம்," என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். காய்ச்சல் ஏறாமல் உடம்பின் சூட்டைக் கட்டுக்குள் பிடித்து, மூச்சுக் குழாய் போட்டு, சுற்றிலும் திரைகள். தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் கொஞ்சம் கடுகடுப்பான பெண்மணி. அவர் முன்னால் மாப்பிள்ளை போய் நின்று, "உங்க யூனிட்ல நெத்திப் பட்டை இல்லையே மேடம், ஒரு டெமோ தரட்டுமா?" என்று கேட்டார். டாக்டர் கதவைச் சாத்தினார். மாப்பிள்ளை சாத்திய கதவைப் பார்த்து, "பட்ஜெட் இல்ல போல," என்றார்.

மறுநாள் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ஆம்புலன்ஸ் அம்மா சொன்னாங்க, ஊசி போடும்போது யாரோ கையைப் பிடிச்சாங்கன்னு. யார் அது?"

"என் வீட்டுக்காரர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அதனாலதான் இன்னும் முழிக்கலையா டாக்டர்?"

"அது யாராலயும் சொல்ல முடியாது. ஊசி சீக்கிரம் போனா இதயம் திரும்புறதுக்கு வாய்ப்புக் கூடும். மூளைக்கு அது நல்லது பண்ணுதா கெட்டது பண்ணுதாங்கறதுல எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல. ஒண்ணு மட்டும் சந்தேகமில்லாம சொல்லலாம். நீங்க அழுத்தினப்ப மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போச்சு. அழுத்தாதப்ப போகல."

அண்ணன் கண் விழித்தார். அண்ணியை அடையாளம் தெரிந்தது, தங்கையைத் தெரிந்தது. சின்ன வயதில் நடந்ததெல்லாம் நினைவிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் தெரியவில்லை. புதிதாக நடந்த எதுவும் அவரிடம் தங்கவில்லை. ஓட்டைப் பையில் போட்டது போல விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறியதும் ஒரு மாணவியைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். "அடுத்த லெஃப்ட் எடும்மா," என்றார். எடுத்தாள். "அடுத்த லெஃப்ட் எடும்மா." அதையும் எடுத்தாள். ஒரே தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்ரோல் தீரும் சமயத்தில் அந்தப் பெண் பயந்துபோய் அண்ணிக்குப் போன் செய்தாள். அதற்குப் பிறகு பக்கத்து சீட்டில் உட்காரும் வேலையை அண்ணியே எடுத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டு ஜன்னல் அருகே உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகள் இங்கேதான் களைகட்டின.

முதல் ஞாயிறு அவர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் மட்டும் பக்கத்துல இல்லன்னா..." என்று நிறுத்தினார். அண்ணன் கண் கலங்கினார். "மாப்பிள்ளை, நீங்களா? உங்களைப் போய்க் கேலி பண்ணியிருக்கேனே," என்று அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் வாயைத் திறக்கப் போனாள். ஆனால் நோயாளி முன்னால் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஒருமுறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்த ஞாயிறு அண்ணனுக்கு அது எதுவும் நினைவில்லை. மாப்பிள்ளைக்கு அது ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. தயங்கினார் என்றுகூடச் சொல்ல முடியாது. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். அண்ணன் மறுபடி முதலிலிருந்து அழுதார்.

அதன் பிறகு வாராவாரம் நடந்தது. கதையும் வளர்ந்தது. முதலில் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி சொன்னார். பிறகு எப்போது ஊசி போடவேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு போட்டார். சில வாரங்களில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தியதும் அவரே ஆகிவிட்டார். தன் மணிக்கட்டைத் தடவிக்காட்டி, "இன்னும் வலிக்குது மச்சான்," என்றார். மணிக்கட்டில் நிஜமாகவே பேண்டேஜ் சுற்றியிருந்தவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

இதில் அவளால் தாங்க முடியாதது வேறு. கதையைக் கேட்டு முடித்ததும் அண்ணன் ஒவ்வொரு தடவையும் அவள் பக்கம் திரும்புவார். முகத்தில் நிஜமான வருத்தம் இருக்கும்.

"எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கார்! நீ ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"மறந்துட்டேண்ணா."

"இதையா மறப்பாங்க?"

மாப்பிள்ளை பெருந்தன்மையாகக் குறுக்கிடுவார். "விடுங்க மச்சான், அவளுக்கும் அலைச்சல்."

ஒருநாள் வீட்டில் அவர் லேப்டாப்பைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியது. அன்று திரை நின்றுபோன பிறகும் பட்டை விடாமல் பதிந்து வைத்திருந்த அண்ணனுடைய எண்கள். "கம்பெனியே ஆடிப்போச்சு. உண்மையான கேஸ், ஆரம்பத்துல இருந்து பதிவு! டாக்டர்கள் மாநாட்டுல நான்தான் பேசறேன்," என்றார். கோடு ஓரிடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்கு மேல் சிவப்பில் எழுதியிருந்தார்: அட்ரினலின் கொடுத்ததும் மூளைக்கு ரத்தம் குறைகிறது.

அவள் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ஊசி அதுக்கப்புறம்தானே போட்டாங்க. இது நீங்க அவங்க கையைப் பிடிச்ச நேரம். அந்த ஆள் உங்களை இழுக்க எழுந்து வந்தார். அழுத்தறதுக்கு யாரும் இல்ல."

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒருவேளை வெட்கப்படப்போகிறாரோ என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது.

"அதெல்லாம் ஸ்லைடுல எப்படிப் போடறது?" என்றார்.

மாநாட்டு மேடைக்கு மச்சானையும் கூட்டிக்கொண்டு போவது என்று அவர் முடிவு செய்தார். பிழைத்த ஆளைக் கண்ணால் பார்த்தால் பட்டை தானாக விற்கும் என்பது மேனேஜர் சொன்ன யோசனையாம். அண்ணி முடியாது என்றாள். அவளும் முடியாது என்றாள். மாப்பிள்ளை அதற்கெல்லாம் அசரவில்லை. நேராக மச்சானுக்கே போன் போட்டார். அண்ணன் உடனே சம்மதித்தார், பிறகு மறந்தார். மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார், அண்ணன் மறுபடி சம்மதித்தார். மாநாட்டன்று காலையில் அவர் விடாமல் போன் செய்து நினைவுபடுத்தியதில், அண்ணன் குளித்துத் தலை வாரித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை புதுச் சட்டை ஒன்றை உறையோடு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் பட்டறைக்குப் போகாமல் அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணன் வரல," என்றாள்.

"வழியை விடு. நேரமாச்சு."

"அண்ணன் வரலன்னு சொன்னேன்."

உள்ளிருந்து அண்ணன் எழுந்து வந்தார். "என்னம்மா இது? உயிர் கொடுத்த மனுஷன் கூப்பிடறார், வாசல்ல நிறுத்திப் பேசற?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை, வரிசையாகச் சொன்னாள். நாற்காலியோடு விழுந்தது, போனில் வந்த குரல், எலும்பு உடைந்தது, நம்பர் பார்த்தது, முழங்கையைப் பிடித்தது, விசிட்டிங் கார்டு. அண்ணி பின்னால் வந்து நின்று, "கையைப் பிடிச்சு நிறுத்தினாராம். டாக்டரே இவளைக் கூப்பிட்டுக் கேட்டாங்க," என்றாள். "கார்டை நான்தான் கூட்டித் தள்ளினேன்."

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"அப்படியா மாப்பிள்ளை?"

"எல்லாரும் சேர்ந்து பண்ணினதுதானே மச்சான்... டீம் ஒர்க்."

அண்ணன் சிரித்தார். நோய்க்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, உடைந்து சேர்ந்த எலும்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சரி, நம்பர் எவ்வளவு காட்டிச்சு?"

"ரொம்ப இறங்கினப்ப இருபத்தி ஏழு மச்சான்!" மாப்பிள்ளை முகம் சட்டென்று மலர்ந்தது. "அங்க இருந்து அம்பது வரைக்கும் ஏறிச்சு பாருங்க, அது ரொம்ப அபூர்வம், பொதுவா..."

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை போனார். சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அண்ணன் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளையைப் பார்த்து ரொம்ப நாளாச்சே, சுகமா இருக்காரா?" என்று கேட்டார். முந்தின நாள் கேட்டதெல்லாம் போய்விட்டிருந்தது. அண்ணி அவளைப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லலாம். நாளைக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். வாராவாரம் ஒரே கதையைச் சொல்லி நன்றி வாங்கிய மனுஷரைப் போல, தானும் வாராவாரம் ஒரே கதையைச் சொல்லி வெறுப்பு வாங்குவதா? அவளுக்கு அது அருவருப்பாக இருந்தது. "சுகமாத்தான் இருக்கார்ணா," என்று சொல்லிவிட்டுக் காபியைக் கையில் கொடுத்தாள்.

ஆனால் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. டிரைவிங் ஸ்கூல் ஆபீசாக இருந்த முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டாள். தையல் மிஷினை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலங்களில் பட்டறை வேலையை அங்கேயே செய்தாள். அண்ணி வகுப்புக்குப் போகும் நேரத்தில் அண்ணனோடு இருக்க ஆளாயிற்று. அண்ணன் ரெக்சினின் ஒரு முனையை இழுத்துப் பிடிப்பார். எதற்குப் பிடிக்கிறோம் என்பது மறந்துபோனாலும் பிடியை மட்டும் விடமாட்டார். நல்ல கை.

மாநாட்டில் மாப்பிள்ளையின் பேச்சுக்குப் பலத்த கைதட்டல். அந்தப் பள்ளத்தைச் சிவப்பு வெளிச்சத்தால் சுட்டிக்காட்டி, மச்சானின் போட்டோவைப் போட்டு, குரல் தழுதழுக்க நிறுத்தியபோது முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். சீக்கிரமே அவரை ஏரியா மேனேஜர் ஆக்கினார்கள். அவர் பேச்சைக் கேட்ட ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேர் அந்தப் பள்ளத்தை நம்பி எத்தனை ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்களோ, யாருக்குத் தெரியும்? அவருக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

அவருடைய அக்கா ஒருநாள் பட்டறைக்கு ஒரு நாற்காலியைச் சரி செய்ய எடுத்துக்கொண்டு வந்தாள். சுற்றி வளைத்து விசாரிப்பாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அவளோ இவள் தோளைத் தட்டினாள்.

"தம்பி எல்லாம் சொன்னான். 'மச்சானுக்குத் துணைக்கு ஆள் வேணும், நான் எப்படியோ கடையில சாப்பிட்டுச் சமாளிச்சுக்கறேன், நீ போய் இருன்னு நான்தான் அனுப்பி வச்சேன்'னான். யாருக்கு வரும் அந்த மனசு?"

இவள் வாயில் நாலு ஆணி இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பதில் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சுத்தியலை எடுத்தாள்.